கீப்பர் மிஹ்லாரின் மோதிரவிரல்

கல்முனைக்குடி
08.09.2024

அன்புள்ள மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீண்ட காலத்துக்குப் பின் எழுதுகிறேன். தடுமாறாமல் எழுதி முடிக்க வேண்டும் என்பதால், கடிதத்தில் வருவதை முதலில் நிரைப்படுத்திக் கொள்கிறேன்.

1. எதற்காக எழுதுகிறேன் என்பது.
2. உன் விளையாட்டு வாழ்க்கை பற்றி நான் தயாரிக்கும் உரையின் சுருக்கம்.
3. விக்கெட் காப்பில் உனக்கு நிகராக இந்தக் கரையில் ஒருவரும் வரவில்லை என்பது.
4. பந்தடி, அதாவது உதைபந்தாட்டம், உன் கிரிக்கெட்டைக் கெடுத்தது என்பது.
5. ஒரு வேண்டுகோள்.

ஒன்று. கடற்கரை மைதானத்தில் நமது பிறைக்கதிர் கழகம் பார்வையாளர் அரங்கு ஒன்றைக் கட்டி முடிக்கப் போகிறது. தை மாதம் திறப்பு விழா. அதற்கு உன் பெயரை வைப்பதென்று தீர்மானம் ஆகியிருக்கிறது. கழகத்தின் தலைவர் இப்போது என் தம்பி பஸால். வேறு பெயர்களும் கூட்டத்தில் வந்தன. "மிஹ்லார் காக்காட பேர் இல்லாட்டி அந்தச் சுவரையும் இடிச்சிப் போடுங்க" என்று அவன் சொன்ன பிறகு மற்றப் பெயர்களை அடித்துவிட்டார்கள். அன்று உன்னைப் பற்றிய உரையை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை.

இரண்டு. பள்ளி அணி, கழகம், மாவட்டம், கிழக்கு மாகாணம் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். அட்டாளைச்சேனையில் காற்றுக்கு எதிராக நின்று நீ எடுத்த சதம் இருக்கிறது. மட்டக்களப்பில் கடைசி விக்கெட்டோடு நின்று வென்று கொடுத்ததும் இருக்கிறது.

மூன்று. கொழும்பிலிருந்து ஒரு கழகம் வந்து விளையாடிய நாள் உனக்கு நினைவிருக்கும். வேகப்பந்துக்கும் நீ விக்கெட்டை ஒட்டியே நின்றாய். அவர்களுடைய தலைவர் ஆட்டமிழந்து போகும்போது, புள்ளி எழுதிக்கொண்டிருந்த என் மேசைக்கு வந்து, "அந்தக் கீப்பருக்கு முதுகிலும் கண் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். உன் பெயரை எழுதி நீட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

நான்கு. 1982ஆம் ஆண்டு. நம் நாட்டுக்கு டெஸ்ட் விளையாடும் தகுதி கிடைத்த புதிது. தேசிய அணிக்கான தேர்வுக்கு உனக்கு அழைப்பு வந்தது. இந்தக் கரையிலிருந்து முதல் பெயர் அது. புறப்பட வேண்டிய வாரத்தில் அக்கரைப்பற்று அணியோடு உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. போகாதே என்றேன். போனாய். எதிரணிக்காரனின் காலடியில் பாய்ந்தாய். இடது கை மோதிரவிரல் உடைந்தது. கொழும்புக்கு நீ போகவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "இனி என் கண்ணில் முழிக்காதே" என்று உன்னிடம் சொன்னேன். அந்த வார்த்தைக்காக வருந்துகிறேன். அதைச் சொல்ல வைத்த காரணத்தில் மட்டும் நான் இன்றுவரை மாறவில்லை. மாறியதாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஐந்து. நீ விழாவுக்கு வர வேண்டும். பெயர்ப் பலகையில் "கிரிக்கெட் வீரர் எம். ஏ. மிஹ்லார் அரங்கு" என்று எழுத இருக்கிறோம்.

பாலமுனைக்கு பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நேரில் வந்து சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் நான்காவது குறிப்பை விழுங்கிவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஏ. எல். காலிதீன்


பாலமுனை
17.09.2024

காலிதீன் காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. என் மனைவி ஸுஹைறா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். என் கண்ணில் பழுதில்லை. அவளுக்கு உங்கள் எழுத்து பிடித்திருக்கிறதாம். "நம்மட கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமப் போன ஆள் இவர்தானே" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

உங்களைப் போல இலக்கம் போட எனக்கு வராது. சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்தப் பலகையில் கிரிக்கெட் மட்டும் இருந்தால் நான் வரமாட்டேன். நாலாவது குறிப்பை மேடையில் வாசித்தாலும் வரமாட்டேன். என் பெயரை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாமல் பெயர் மட்டும் நிற்கட்டும்.

காக்கா, நான் நாட்டின் சட்டையைப் போட்டது எந்த விளையாட்டில்? 1984இல் தேசிய உதைபந்தாட்டக் குழுவில் எடுத்தார்கள். மாலைதீவில் இரண்டு போட்டி. இரண்டாவதில் முழு நேரமும் கோலில் நின்றேன். ஒரு கோலும் விடவில்லை. வானொலியில் என் பெயரையும் ஊரையும் சொன்னார்களாம். கல்முனைக்குடியில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் அந்த நேரம் வானொலியை மூடிவிட்டுப் படுத்தீர்கள் என்று பஸால் பிறகு எனக்குச் சொன்னான்.

நீங்கள் எழுதிய சுருக்கத்தில் அது இல்லை. மறந்து போகிற ஆள் இல்லை நீங்கள். வேண்டுமென்றே விட்டிருக்கிறீர்கள்.

பந்தடி தெரியாமல் என்னைப் பற்றி எழுத வேண்டாம். தெரிய வேண்டுமென்றால் தங்கராசாவிடம் போய்க் கேளுங்கள். என்னோடு எட்டு வருடம் பந்தடித்தவன். பின்காவலுக்கு நின்றவன். வீடு இன்னும் அதே இடத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால்தான்.

மிஹ்லார்


கல்முனைக்குடி
25.09.2024

அன்புள்ள மிஹ்லாருக்கு,

நீ சொன்னது சரி. வானொலியை மூடினேன். படுக்கவில்லை, கிணற்றடியில் நின்றேன். பக்கத்து வீட்டு வானொலி கேட்கிறதா என்று பார்க்கவே நின்றேன். சரியாகக் கேட்கவில்லை.

மாலைதீவுப் போட்டிகளைச் சேர்த்துவிட்டேன். பலகையில் இரண்டு விளையாட்டையும் எழுதும்படி பஸாலிடம் சொன்னேன். "இதைத்தானே நான் முதல்லயே சொன்னன்" என்றான். ஆகையால் அது முடிந்தது. நான்காவது குறிப்பை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. அதை எடுத்தால், அவ்வளவு திறமையுள்ளவன் ஏன் தேர்வுக்குப் போகவில்லை என்று சனம் கேட்கும். பயத்தில்தான் நீ போகாமல் விட்டாய் என்று நினைத்துவிடுவார்கள். அதைவிட உண்மையைச் சொல்வது உனக்கு மரியாதை என்று நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம்.

தங்கராசாவிடம் போக யோசனையாக இருக்கிறது. தமிழ்-முஸ்லிம் கலவர காலத்துக்குப் பின் அந்த ஒழுங்கைப் பக்கம் நான் போனதில்லை. என்னை அவருக்கு நினைவிருக்குமா? நினைவிருந்தாலும், கழகத்தில் பந்தடிக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று எப்போதும் வாதாடிய செயலாளராகத்தான் நினைவிருக்கும். போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுது.

காலிதீன்


பாலமுனை
30.09.2024

காக்கா,

எழுபது வயதில் ஒரு ஆளைப் பார்க்கப் போகப் பயப்படுகிற ஆளை நான் உங்களைத்தான் கண்டேன். மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போங்கள். தங்கராசாவுக்குச் சீனி வருத்தம். அவன் மனைவி பாலம்மாவுக்கு இல்லை.

பயத்தில்தான் நான் போகாமல் விட்டேன் என்று சனம் நினைத்தால் நினைக்கட்டும். பந்தடியைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மிஹ்லார்


கல்முனைக்குடி
14.10.2024

அன்புள்ள மிஹ்லாருக்கு,

போனேன். மஸ்கட் வாங்கிக்கொண்டுதான் போனேன். படலையில் நின்று, பெயரைச் சொல்வதா திரும்பி வருவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஆரது, ஸ்கோர் மாஸ்டரா? கதவு திறந்துதான் கிடக்கு. பென்சிலையும் கொண்டு வந்தயளா?"

தங்கராசா இப்போது கடலுக்குப் போவதில்லை. கால் வீக்கம். மகன் துசாந் போகிறான். கதிரையில் இருந்தபடியே எனக்குப் பந்தடி படிப்பித்தார். பாலம்மாவின் தேங்காய் துருவும் பலகையைக் கோல் என்று வைத்தார். மஸ்கட் பெட்டி எதிரணி. நீ எப்போது முன்னுக்கு வருவாய், எப்போது கோட்டிலேயே நிற்பாய், பின்காவல் ஆட்களுக்கு எப்படிச் சத்தம் போடுவாய் என்று எல்லாம் சொன்னார். "கீப்பர் சத்தம் போட்டா மேட்டு வட்டையில மாடு மேய்க்கிறவனும் திரும்பிப் பார்ப்பான்" என்றார். பாலம்மா அடுப்படியிலிருந்து, "உங்கட சத்தத்தக் கேட்டா மாடே ஓடிரும்" என்றார். நான் சிரித்தேன். பந்தடியைப் பற்றி ஒருவர் கதைக்க நான் சிரித்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கிரிக்கெட்டில் வந்த அதே காப்புத்தான் பந்தடியிலும் வந்தது என்று அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. துடுப்பைத் தாண்டி வரும் பந்தை எடுக்கப் பழகிய கண்தான், ஆட்களுக்கு இடையால் வரும் பந்தையும் முதலில் கண்டதாம். நான் அதைத் திருட்டு என்று நினைத்திருந்தேன், ஒன்றிலிருந்து எடுத்து மற்றதுக்குக் கொடுப்பதாக. அவர் சொல்வதைப் பார்த்தால், ஒன்று மற்றதை வளர்த்திருக்கிறது.

இனி நான் கேட்க விரும்புவது.

இறுதிப் போட்டியைப் பற்றிக் கேட்டேன். தங்கராசா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்டைக்கு மெச் தொடங்க முதல், கோலுக்குப் பின்னால வச்சு கீப்பர்ட விரல நான்தான் வலை நூலால கட்டின. வீங்கி வாழைப்பொத்தி மாதிரி இருந்த. விளையாடாத எண்டன். கேக்கல்ல. முழு மெச்சையும் வலக்கையாலதான் புடிச்சவன்."

போட்டி தொடங்கும் முன்பா, அல்லது இடைவேளையிலா என்று இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டபோது, "மாஸ்டர், எனக்கு வருத்தம் காலிலதான், தலையில இல்ல" என்றார்.

அப்படியானால் விரல் அந்தப் போட்டிக்கு முன்பே உடைந்திருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் உனக்குப் பந்தடி இல்லை. முதல் நாள் நமது மைதானத்தில் கிரிக்கெட் பயிற்சி. நானும் இருந்தேன். பின்னேரம் அஸர் தொழப் பள்ளிக்குப் போய் வந்தேன். வரும்போது நீ புறப்பட்டுக்கொண்டிருந்தாய். கையைக் கக்கத்தில் வைத்திருந்தாய். "பசிக்குது காக்கா" என்றாய். பந்தடிக்கு உடம்பை மிச்சம் பிடிக்கிறாய் என்று நினைத்துக் கோபப்பட்டேன்.

மிஹ்லார், அந்த அஸர் நேரத்தில் என்ன நடந்தது?

காலிதீன்


பாலமுனை
29.10.2024

காக்கா,

பதில் எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஸுஹைறா விடவில்லை. "அந்த மனிசன் இனிப் பள்ளிக்குள்ள எல்லாரிட்டயும் விசாரிக்கத் தொடங்கிருவார்" என்றாள். அதுவும் உண்மைதான். தங்கராசாவின் வாயைத் தைத்து மூட வேண்டும்.

சரி. கேளுங்கள். உரையில் எழுத வேண்டாம்.

தேர்வு முடியும் வரை எனக்கு வேகப்பந்து போடக் கூடாது என்று நீங்கள் எல்லாருக்கும் உத்தரவு போட்டிருந்தீர்கள். சுழல்பந்துதான். கொழும்பில் எனக்குச் சுழல்பந்தா போடப் போகிறார்கள்? நீங்கள் தொழப் போன நேரம் பார்த்து பஸாலைக் கூப்பிட்டேன். நான் பிந்தித் தொழலாம் என்று நின்றேன். அவனுக்கு அப்போது பதினேழு. "காக்கா ஏசுவார்" என்றான். "காக்கா ரெண்டாவது ரக்அத்துலதான் இரிக்கார், நீ ஓடி வந்து போடு" என்றேன்.

நமது மைதானத்தில் ஆடுகளமாக விரிக்கும் கயிற்றுப்பாய் உங்களுக்குத் தெரியும். அதை இறுக்கிப் பிடிக்கக் கடல் மணலில் இரும்பு ஆணி எவ்வளவு அடித்தாலும் பின்னேரத்துக்குள் மேலே வந்துவிடும். பந்தடிக்காரர்கள் காலில் குத்துகிறது என்று நாங்கள் எத்தனை தரம் சண்டை பிடித்தோம். அவனுடைய மூன்றாவது பந்து ஒரு ஆணித் தலையில் பட்டது. துடுப்புக்காரனுக்கே தெரியவில்லை. விக்கெட்டுக்குப் பின்னால் ஒட்டி நின்ற எனக்கு நேரே எழும்பி விரல் நுனியில் அடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

நான் சிரித்துக்கொண்டு பந்தை வலக்கையால் திருப்பி எறிந்தேன். பஸாலின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். விளங்கியிருந்தால் என்ன நடக்கும்? உங்கள் வாப்பா எப்படிப்பட்ட மனிதர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் என்ன செய்யும்? அந்த நேரம் தேநீர்க் கடையில் என் பெயரைத்தான் கதைத்தார்கள். நான் கொழும்புக்குப் போக ஊரே சேர்ந்து சப்பாத்து வாங்கித் தந்தது. "மிஹ்லார்ட கையை உடைச்சவன்" என்று அந்தப் பொடியனைச் சாகும் வரை கூப்பிட்டிருப்பார்கள். வேகமாகப் போடச் சொன்னவன் நான்.

அதனால்தான் மறுநாள் இறுதிப் போட்டிக்குப் போனேன். போகாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். அந்த அக்கரைப்பற்றுக்காரனின் காலடியில் பாய்ந்தபோது எனக்கு வலியைக் காட்ட ஓர் இடம் கிடைத்தது. எல்லாரும் கண்டார்கள். எல்லாரும் பந்தடியை ஏசினார்கள். பந்தடிக்கு வாப்பா இல்லை, அடிக்க மாட்டார்.

அந்தப் போட்டியில் நாங்கள் வென்றோம் காக்கா. ஒற்றைக் கையால் இரண்டு கோல் தடுத்தேன். அது ஒருவருக்கும் நினைவில்லை. எனக்குத்தான் அதில் பெருமை.

விரல் வளைந்து ஒட்டியது. கிரிக்கெட் பந்து பட்டால் உயிர் போகும். உதைபந்து பெரியது, உள்ளங்கையால் பிடிக்கலாம். அதனால்தான் பிறகு பந்தடியில் மட்டும் நின்றேன். அந்த வளைந்த விரலோடுதான் மாலைதீவுக்குப் போனேன்.

பஸாலுக்குச் சொல்லாதீர்கள். அவன் இப்போது பேரப்பிள்ளை கண்டவன்தான். இருந்தாலும் சொல்லாதீர்கள்.

மிஹ்லார்


கல்முனைக்குடி
11.12.2024

அன்புள்ள மிஹ்லாருக்கு,

வெள்ளத்தால் தபால் தடைப்பட்டிருந்தது. அதைச் சாட்டாகச் சொல்லலாம். உண்மையில் உன் கடிதத்தை வாசித்த பிறகு எழுத எனக்குப் பல நாள் கை வரவில்லை.

உன் சொல்லை நான் மீறவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகக் கூட்டம். உரையை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். விரல் பற்றிய இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "தேர்வுக்கு முன் அவருடைய விரலில் காயம் ஏற்பட்டது. அது உதைபந்தாட்டத்தால் ஏற்பட்டதல்ல. உடைந்த விரலோடு மறுநாள் இறுதிப் போட்டியில் நின்று கழகத்துக்கு வெற்றி தேடித் தந்தார்." பெயர் இல்லை, இடம் இல்லை. கவனமாகவே எழுதியிருந்தேன்.

கழகச் செயலாளர் றாஸிக் கேட்டார்: "அப்ப எதால உடைஞ்ச, சேர்?"

"அது தேவையில்லை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தலைவர் கதிரையில் இருந்த பஸால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "எழுதுங்க காக்கா" என்றான். "எண்ட பந்து அது."

 

அவனுக்குத் தெரிந்திருக்கிறது, மிஹ்லார். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆணியில் பந்து பட்ட சத்தமும் விரலில் பட்ட சத்தமும் அவனுக்கும் கேட்டிருக்கிறது. நீ சிரித்ததும் பயம் வந்ததாம். மறுநாள் நீ கோலில் நிற்பதைக் கண்டபோது, ஒன்றும் இல்லை என்று நம்பப் பார்த்தானாம். நீ விழுந்து எழும்பி எல்லாருக்கும் கையைக் காட்டியபோது, யாருக்காகக் காட்டுகிறாய் என்று விளங்கிவிட்டதாம். "என்னைக் காப்பாத்தத்தான் அவர் அண்டைக்குப் பாய்ஞ்ச" என்றான். தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு அவன் வேகமாகப் பந்து போட்டதே இல்லை. சுழல்பந்துக்கு மாறினான். சோம்பல் என்று நான் எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பல தடவை பாலமுனைச் சந்தி வரை வந்து திரும்பியிருக்கிறானாம். நீ மறைத்ததை அவன் உடைத்தால், உன்னுடைய அத்தனை வருடப் பொறுமை வீணாகிவிடும் என்று நினைத்திருக்கிறான். அந்த அரங்குக்கு உன் பெயர்தான் என்று அவன் ஏன் அப்படி நின்றான் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

கூட்டம் முடிந்து இருவரும் நடந்து வந்தோம். வழியில் கேட்டான்: "காக்கா, அவர் வருவாரா?" ஐம்பத்தொன்பது வயது அவனுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பது போலிருந்தது. இந்த ஞாயிறு உன் வீட்டுக்கு வருகிறான். தடுக்கவில்லை. ஸுஹைறாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. அவனையாவது சாப்பிடாமல் அனுப்ப வேண்டாம்.

பலகை வந்துவிட்டது. "உதைபந்தாட்ட, கிரிக்கெட் காப்பாளர் எம். ஏ. மிஹ்லார் அரங்கு." உதைபந்தாட்டம் முன்னுக்கு இருக்க வேண்டும் என்று கேட்டது நான்தான். நாட்டின் சட்டையை நீ அதில்தானே போட்டாய். எழுதியவர் வண்ணம் காயட்டும் என்று சுவரில் சாத்தி வைத்திருந்தார். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வழியால் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

தங்கராசாவை முன்வரிசையில் இருத்த முச்சக்கர வண்டி ஒழுங்கு செய்தாயிற்று. நடந்த எல்லாவற்றையும் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும் என்று பஸால் கேட்கிறான். அது உன் உரிமை. நீ ஓம் என்றால் வாசிப்பேன்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமலே மாற்றுகிறேன். ஒரு மனிதனின் வாழ்க்கையையும் விளையாட்டுப் போல ஓரத்தில் இருந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மைதானத்தில் நின்ற உனக்கும் பஸாலுக்கும் தங்கராசாவுக்கும் தெரிந்தது, மேசையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. பந்தடி உன்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. உடைந்த கையோடு வந்தவனை வாங்கி, பழியையும் தான் ஏற்று, நாடு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது அதுதான்.

மற்ற நான்கும் இருக்கட்டும். என் நான்காவது குறிப்பு பிழை.

காலிதீன்